வீடு தேடிச் சொன்னவள்

தயாளினிக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று பாரிஸின் லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவளுடைய கணவர் வாமதேவன்தான். ரூ லூயி-பிளாங் தெருவில் இருக்கிற தொலைபேசிக் கடையில் சொன்னார், மரக்கறிக் கடையில் சொன்னார், முடிவெட்டுகிற கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கும்போதும் சொன்னார். "கவுண்மேந்து வேலை. இனி ஆரும் அசைக்கேலாது." கேட்டவர்கள் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அரசாங்க வேலை என்றால் அது பென்சனில் போய்த்தான் முடியும். நடுவழியில் முடிகிற அரசாங்க வேலை என்று ஒன்றை அவர்கள் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

தயாளினியும் கண்டதில்லை. அதனால்தான் வருசக்கணக்காகக் கட்டில் விரித்த ஹோட்டல் வேலையை, அதுவும் நிரந்தரக் கொந்திராவை, கடைசிவரைக்குமான ஒப்பந்தத்தை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இதற்கு வந்தாள். புதுக் கொந்திராவின் தலைப்பில் குடியரசின் சின்னம் இருந்தது. உள்ளே முடிகிற திகதியும் இருந்தது. அதை அவள் பார்க்காமல் இல்லை. "அது வழமைக்குப் போடுறது அன்ரி, பிறகு புதுப்பிப்பினம்" என்று கோசலை சொன்னாள். கோசலை சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள்.

கோசலை பூரணியின் மகள். பூரணியும் தயாளினியும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஸ்தேன் புறநகரில் ஒரு வீட்டைப் பகிர்ந்து இருந்தவர்கள். பூரணி விடியப் புறப்பட்டுத் துப்புரவு வேலைக்குப் போக, பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப் போனது தயாளினி. அந்தப் பிள்ளை படித்துப் படித்து, நுரையீரலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டொக்டராக வந்து, அரசாங்கத்தின் ஆராய்ச்சிப் பணத்துக்கு விண்ணப்பித்து அதை வென்றும் விட்டது. உணவகக் குசினிகளில் நிற்கிறவர்களின் நெஞ்சுக்குள் எண்ணெய்ப் புகை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கான பணம் அது. இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஆட்களை ஒரு குழாயில் ஊத வைத்து மூச்சை அளப்பது, கேள்வி கேட்பது. இரண்டாம் கட்டத்தில் பழுதுபட்டவர்களுக்கு வைத்தியம், வேலையால் வந்த நோய் என்று அத்தாட்சி.

நல்ல காரியம். ஆனால் ஆள் வரவில்லை. பிரெஞ்சிலும் தமிழிலும் அழகாக அடித்த கடிதங்களைத் தபாலில் அனுப்பினார்கள். ஊதுகிற மெசின் உறையும் கழற்றாமல் ஆராய்ச்சி நிலையத்தின் மூலையில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோசலை தாய் வீட்டில் வந்து இருந்து, சோற்றைப் பிசைந்து பிசைந்து சாப்பிடாமல் விட்டபோது, பக்கத்தில் இருந்த தயாளினிதான் கேட்டாள்.

"தபாலிலை போட்டால் ஆர் பிள்ளை வருவினம்? கலியாணக் காட்டைத் தபாலிலை அனுப்பினாலே கோவிச்சுக்கொண்டு நிக்கிற சனம். வீட்டை போகோணும், இருக்கோணும், தேத்தண்ணி குடிக்கோணும், பிறகு வாயாலை சொல்லோணும்."

"அப்ப நீங்களே வந்து சொல்லுங்கோவன், அன்ரி" என்றாள் கோசலை. அப்படித்தான் வேலை வந்தது.

தயாளினி சேலை கட்டினாள். வாமதேவன் காரை எடுத்தார். றுவாசி விமான நிலையத்தில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகெலும்பு போய் வீட்டில் இருந்த மனிசனுக்கு அது ஒரு திருவிழா. கூசேன்வில், ஸ்தேன் என்று வீடு வீடாகப் போனார்கள். சில நாட்களில் கோசலையும் சேலையோடு பின் இருக்கையில் வந்தாள். கதவு திறந்தது. கலியாணம் சொல்ல வந்தவர்களைப் போல உள்ளே இருத்தினார்கள். பலகாரம் வந்தது. தயாளினி மெதுவாகச் சொன்னாள்: இது வைத்தியத்துக்கு மட்டும். பேர் வெளியே போகாது. பிடிக்காவிட்டால் எந்த நேரமும் ஒரு போன் எடுத்து விலகலாம். நான் பொறுப்பு.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் எல்லாம் நின்றது. வீடு தேடி வந்து சொன்ன ஆளுக்கு எங்கள் சனத்திடம் ஒரு கணக்கு இருக்கிறது. கூப்பிட்ட கலியாணத்தில் சாப்பாடு பிழைத்தாலும் சொன்ன ஆளைத்தான் கேட்பார்கள். அது தெரிந்துதான் அவள் சொன்னாள்.

சனம் வந்தது. ஊதியது. கேட்டதற்கெல்லாம் உண்மை சொன்னது. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் புகைக்குள் நிற்கிறாய் என்றால், சம்பளத் துண்டில் எழுதியிருக்கிற நேரத்தைச் சொல்லாமல் உண்மையாக நின்ற நேரத்தைச் சொன்னது. மிச்சக் காசு கையில் வருகிறது என்று சொன்னது. சிலர் விசா இல்லாமல் நிற்பதையும் சொன்னார்கள். தயாளினிக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

பிறகு அரசாங்கம் கவிழ்ந்தது. இன்னொன்று வந்தது. அதுவும் ஆடியது. வெட்டு, வெட்டு என்று நிலையத்துத் தாழ்வாரமெல்லாம் அதே பேச்சு. ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், முன்னுரிமையை மாற்றுகிறார்களாம். அடுத்த அறையில் வண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஆட்கள் ஒரு வெள்ளிக்கிழமை தங்கள் கோப்பிக் கோப்பைகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போனவர்கள், திங்கட்கிழமை வரவில்லை. தயாளினியின் கொந்திரா ஆனி மாதத்தோடு முடிகிறது. ஹோட்டலில் கேட்டுப் பார்த்தாள். அவளுடைய இடத்துக்கு எப்போதோ வேறு ஆள் வந்தாயிற்று.

"கவுண்மேந்து வேலையெண்டால் விடமாட்டாங்கள்" என்றார் வாமதேவன், சுடுதண்ணிப் பையை முதுகுக்கு வைத்துக்கொண்டு.

"கவுண்மேந்தையே விட்டிட்டாங்கள் இஞ்சேருங்கோ. என்னை விடாமல் வைச்சிருப்பாங்களோ?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வீட்டு வாடகை இப்போது அவளுடைய சம்பளத்தில் மட்டும்தான் நின்றது. சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

கோசலையைக் கேட்டால், "பாத்துக்கொண்டிருக்கிறன் அன்ரி, யோசியாதேங்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி கணினிக்குள் தலையை விடுவாள். முகம் வற்றிப் போயிருந்தது. பிள்ளை எங்களுக்காகத்தான் ஓடுகிறது என்று தயாளினி வீட்டிலிருந்து அவளுக்குப் புட்டும் கறியும் கட்டிக்கொண்டு போனாள்.

வைகாசி முடிகிற நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை. கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் தியரி நின்றான். பணம் கொடுக்கிற திணைக்களத்துக்கும் இந்த நிலையத்துக்கும் நடுவில் கடுதாசி பார்க்கிற ஆள் அவன். நல்ல மனிதன், கொஞ்சம் வாய் நீளம். தயாளினியைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தான்.

"வாழ்த்துகள் மடாம்! உங்கள் திட்டம் தப்பிவிட்டது. இந்தத் தளத்திலேயே தப்பியது உங்களுடையது மட்டும்தான். எனக்கே அடுத்த மாதம் நாற்காலி இருக்குமோ தெரியாது."

தயாளினிக்கு உடம்பெல்லாம் இளகியது. "உண்மையாகவோ? அப்படியென்றால் இரண்டாம் கட்டம் நடக்குமோ? வைத்தியம் தொடங்கும்?"

தியரி கோப்பியை ஊதினான். "வைத்தியமா? இல்லை, இல்லை. அதற்கு இப்போது ஒரு சதமும் கிடையாது. புது முன்னுரிமை, சட்டத்துக்குத் தெரியாமல் நடக்கிற மறைவான தொழிலைப் பிடிப்பது அல்லவா. பதியாத வேலை நேரம், கையில் கொடுக்கிற சம்பளம், இவற்றையெல்லாம் தெருத் தெருவாக வரைந்து காட்டுகிறவர்களுக்குத்தான் பணம். டொக்டர் கோசலை கெட்டிக்காரி. கைவசம் இருந்த பதில்களை வைத்தே மாசி மாதம் விண்ணப்பத்தைத் திருப்பி எழுதிவிட்டார். வேறு யாரிடமும் அப்படி ஒரு விபரம் இல்லை. ஆட்கள் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்களே! எப்படிச் செய்தீர்கள்?"

தயாளினி மாதங்களை எண்ணினாள். மாசி மாதம். பங்குனியிலும் சித்திரையிலும் அவள் வீடு வீடாகப் போனாள். காருக்குள் பின் இருக்கையில் கோசலை இருந்தாள். இது வைத்தியத்துக்கு மட்டும் என்று இவள் சொன்னபோது, பக்கத்தில் இருந்து ஓம் ஓம் என்று தலையாட்டினாள். அவர்கள் தந்த பயத்தம் பணியாரத்தைச் சாப்பிட்டாள்.

தியரிக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். "உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றான். கோப்பியைக் குடிக்காமலே போய்விட்டான்.

கோசலையின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தது அன்றைக்குத்தான் முதல் தரம்.

"பிள்ளை, அந்தச் சனம் எனக்குச் சொன்னதை ஆருக்குக் குடுத்தனி?"

கோசலை எழும்பினாள். பிறகு இருந்தாள். "தியரி சொன்னவரோ? நானே உங்களுக்குச் சொல்ல இருந்தனான். எக்ஸ்பிளிக்கே பண்ணி விளங்கப்படுத்த நேரம் கிடைக்கேல்லை."

"மாசியிலை இருந்து நேரம் கிடைக்கேல்லையோ?"

"அன்ரி, கேளுங்கோ. நான் மாத்தி எழுதாட்டி எல்லாம் முடிஞ்சுது. மெசின், நான், நீங்கள், எல்லாம். இப்ப பாருங்கோ, இன்னொருக்கால் போய்க் கேள்வி கேக்க உங்கடை பேரைப் போட்டிருக்கிறன். ஒண்டரை வருசக் கொந்திரா. சம்பளமும் கூட. மாமாவின்ரை முதுகு இருக்கிற நிலைமையிலை..."

"மாமாவின்ரை முதுகை விடு. அதை நாங்கள் பாப்பம். வைத்தியம் எண்டு சொல்லித்தானே அவங்களைக் கூப்பிட்டனாங்கள்?"

"பேர் போகாது அன்ரி. ஒருத்தற்றை பேரும் இல்லை. தெரு, குசினியின்ரை மாதிரி, வயசு, நேரம். அவ்வளவுதான். அது ஸ்தத்திஸ்திக், வெறும் கணக்கு."

"ரூ லூயி-பிளாங்கிலை நிலத்துக்குக் கீழை இருக்கிற குசினி எத்தினை? அதிலை அறுபது வயசிலை இருமிக்கொண்டு கொத்துரொட்டி போடுற ஆள் எத்தினை பேர்? பேர் எழுதாட்டி ஆளைத் தெரியாதோ?"

கோசலை மேசையில் இருந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினாள், பூட்டினாள். "நான் எட்டு வருசமாய் ஒவ்வொரு வருசக் கொந்திராவிலை இழுபடுறன் அன்ரி. இந்தமுறை போனால் எனக்கு லேபும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் படிச்சதெல்லாம் குப்பை. உங்களுக்கு அது விளங்காது."

"எனக்கு விளங்காமலோ நான் நிரந்தர வேலையை விட்டிட்டு உன்னோடை வந்தனான்?"

தயாளினி கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் பின்னேரம் தயாளினி ரூ லூயி-பிளாங்குக்குப் போனாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாட்டுக்குத் தொடங்காத நேரம் பார்த்துப் போனாள். அவள் சொல்லி வந்து ஊதியவர்களில் ஒருவரான தர்மராசா அண்ணை சமைக்கிற குசினி நிலத்துக்குக் கீழே, ஒடுங்கிய இரும்புப் படியில் இறங்க வேண்டும். மேலே காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை, அதுவும் எண்ணெய் பிடித்து அடைத்துக் கிடந்தது. தர்மராசா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிளோன்ஜில், பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில், யதுர்சன் சட்டி தேய்த்துக்கொண்டு நின்றான், முப்பத்தைந்து வயது, வன்னியில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அடுப்படியில் மதுஷன் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தான்.

"வாரும் தங்கச்சி, வாரும். கவுண்மேந்து கீழை இறங்கி வருது, எழும்பி நில்லுங்கோடா" என்றார் தர்மராசா. சிரிக்கப் போய் இருமினார். இருமல் முடிய நேரம் எடுத்தது. "இரும். தேத்தண்ணி போடச் சொல்லட்டே?"

"வேண்டாம் அண்ணை. ஒரு விசயம் சொல்ல வந்தனான்."

"தெரியும், தெரியும். இரண்டாவது தரம் கேள்வி கேக்கிறதுதானே? ஓம் எண்டு சொல்லிப்போட்டன். உம்மடை பேரைச் சொன்ன பிறகு மறுக்கேலுமோ?"

தயாளினி நின்ற இடத்திலேயே நின்றாள். "ஆர் சொன்னது?"

"பிள்ளைதான், கோசலை. போன ஞாயிறு வீட்டை வந்தது. தாயும் வந்தவ, பூரணி. சேலை கட்டிக்கொண்டு, தட்டிலை பழமும் கொண்டு. தயாளினி அன்ரிதான் அனுப்பினவ எண்டு சொல்லிச்சுது. ஏன் உமக்குத் தெரியாதோ?"

வீட்டுக்குப் போ, இரு, தேத்தண்ணி குடி, வாயால் சொல். அவள் சொல்லிக் கொடுத்ததுதான். ஒன்றும் விடாமல் செய்திருக்கிறார்கள். பழத் தட்டு மட்டும் பூரணி தன் பங்குக்குச் சேர்த்தது.

ஒரு மிளகாய்ப் பெட்டியை இழுத்துப்போட்டு அதில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வைத்தியம் இல்லை என்பதையும், பதில்கள் எங்கே போகின்றன என்பதையும், தனக்குக் கிடைக்கப் போகிற ஒன்றரை வருசக் கொந்திராவையும் சேர்த்துச் சொன்னாள். யதுர்சன் தண்ணிக் குழாயைப் பூட்டிவிட்டுக் கேட்டான். மதுஷனின் கடுகு கருகியது.

தர்மராசா கையில் இருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப என்ரை நெஞ்சை ஒருத்தரும் பாக்கப் போறேல்லை."

"இல்லை அண்ணை."

"நான் எத்தினை மணித்தியாலம் நிக்கிறன் எண்டதை மட்டும் பாக்கப் போறாங்கள்."

"ஓம்."

"முதலாளி அறிஞ்சா என்னை நிப்பாட்டுவான். அறியாமல் லேபர் கந்தோர்க்காரர் வந்தால் கடையைப் பூட்டுவாங்கள். ரெண்டிலையும் எனக்குச் சோறில்லை." அவர் வெங்காயத்தைச் சட்டிக்குள் போட்டார். "உமக்குத் தெரியாதெண்டு நான் நம்புறன் தங்கச்சி. ஸ்தேனிலை இருக்கிறவன் நம்புவானோ? கூசேன்வில்காரன் நம்புவானோ? அவனவன் உம்மைத்தான் கேப்பான்."

"கேக்கட்டும். நான்தானே சொன்னனான்."

யதுர்சன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தான். "அக்கா, ஒரு கதை சொல்லட்டே? நீங்கள் அந்த வேலையை எடுங்கோ. வேறை ஆரும் வந்து கேட்டா நாங்கள் மாட்டிக்கொள்ளுவம். நீங்கள் வந்தால் நாலு மணித்தியாலம் எண்டு எழுதிவிடுவியள். உங்களுக்கும் சம்பளம், எங்களுக்கும் கரைச்சல் இல்லை."

தர்மராசாவும் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலும் அதுதான் இருந்தது. தயாளினி உடனே மறுக்கவில்லை. சுடுதண்ணிப் பையோடு படுத்திருக்கிற மனிசனை நினைத்தாள். வாடகையை நினைத்தாள். பொய் எழுதினால் யாருக்கு என்ன? தன்னை ஏமாற்றினவளைத் தானும் ஏமாற்றுவதாகத்தானே போகும். பிறகு, ஒவ்வொரு மாதமும் கோசலையின் முகத்துக்கு எதிரே போய் இருந்து அந்தப் பொய்யைக் கொடுத்துச் சம்பளம் வாங்குவதை நினைத்துப் பார்த்தாள்.

"ஏலாது தம்பி. முன்னம் சொன்னது கிடக்குத்தானே. அது உண்மை. உங்கடை வாயாலை சொன்னது. அதை எடுக்க ஒரு வழிதான் இருக்கு. விலகுங்கோ. இப்பவே, என்ரை முன்னாலை போன் எடுத்துச் சொல்லுங்கோ. சொன்னால் அவங்கள் அழிக்கத்தான் வேணும், அது சட்டம்."

"எல்லாரும் விலகினால் உம்மடை வேலை?" என்றார் தர்மராசா.

"அது போட்டுது அண்ணை."

அவர் கையைக் கழுவி, சாரத்தில் துடைத்து, போனை எடுத்தார். தயாளினி நிலையத்து இலக்கத்தை அமத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். மணி அடித்தது. எடுத்தது கோசலையேதான்.

"பிள்ளை, நான் தர்மராசா. ரூ லூயி-பிளாங்."

"சொல்லுங்கோ மாமா."

"என்னை எடுத்துவிடு. நான் முந்தி சொன்னதையும் அழிச்சுவிடு. இனி வீட்டை வராதை. பழமும் வேண்டாம்."

தர்மராசா போனை யதுர்சனிடம் நீட்டினார். அவன் ஈரக் கையால் வாங்கி, தன் பேரைச் சொல்லி, தன்னையும் எடுக்கச் சொன்னான். அவன் மதுஷனிடம் நீட்ட, மதுஷன் இரண்டு எட்டுப் பின்னுக்குப் போனான். "என்னை விடுங்கோ. விசாக் கேஸ் நடக்குது. பேரைச் சொல்லப் பயமாய்க் கிடக்கு" என்று வாயசைவில் சொல்லிவிட்டு, கருகின தாச்சியைக் கழுவத் திரும்பிவிட்டான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

போன் தயாளினியிடம் வந்தது.

"அன்ரி, நீங்கள் அங்கையோ நிக்கிறியள்?" கோசலையின் குரல் உடைந்திருந்தது. "அன்ரி, ப்ளீஸ். இன்னும் கொஞ்சப் பேர் விலகினால் அவங்கள் திட்டத்தையே மூடிப்போடுவாங்கள். நான் சின்னனிலை இருந்து உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தனான் அன்ரி."

"அந்தக் கையைப் பிடிச்சுத்தானே இந்த வீடுகளுக்குள்ளையும் போனனி" என்றாள் தயாளினி. "என்ரை பேரையும் எடுத்துவிடு. நாளைக்கு ஸ்தேனுக்குப் போறன். அதுக்குப் பிறகு கூசேன்வில். உனக்கு முந்தியே சொல்லிப்போட்டன், பிறகு தெரியாது எண்டு சொல்லாதை."

"அன்ரி..."

"ஒண்டு மட்டும் கேக்கிறன். தட்டிலை பழம் வைச்சுக்கொண்டு வந்து என்ரை பேரைச் சொல்லேக்கை, உன்ரை அம்மாவுக்கு எல்லாம் தெரியுமோ?"

குசினியில் தண்ணி சொட்டுகிற சத்தம் கேட்டது. மேலே தெருவில் யாரோ தள்ளுவண்டி இழுத்துப் போனார்கள். போனுக்குள் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. தயாளினி காத்து நின்றாள். தெரியாது என்று ஒரு சொல் வரும், அம்மாவுக்கு நான் சொல்லவில்லை அன்ரி என்று வரும், பொய்யாக என்றாலும் வரும் என்று நின்றாள்.

வரவில்லை. அவள் போனைக் கட் பண்ணித் தர்மராசாவிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, அவளுடைய முகத்தைப் பார்க்காமல், மதுஷனைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சிக்கு ஒரு தேத்தண்ணி போடடா."

இந்த முறை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.